கூண்டா, திண்ணையா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். உத்தமபாளையம் பக்கம் மலையடிவாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குள்ளேயே வீடு, பக்கத்தில் பதினெட்டு ஆடுகள் அடையும் பட்டி. போன வருடம் இரண்டு தடவை தேங்காய் களவு போனது, ஒரு தடவை ஆட்டுக்குட்டி களவு போனது. அதனால் காவலுக்கென்று கோம்பை இன ஆண் நாய்க்குட்டி ஒன்றும் ராஜபாளையம் இனப் பெண் நாய்க்குட்டி ஒன்றும் வாங்கினோம். இரண்டுக்கும் இப்போது ஐந்து மாதம். தோப்பின் மூலையில், வீட்டிலிருந்து இருநூறு அடி தள்ளி, ஆறடிக்கு நாலடியில் தகரக் கூரை போட்டு என் மாமனார் ஒரு கூண்டு கட்டியிருக்கிறார். "வீட்டுக்குள்ள விட்ட நாய் காவலுக்கு ஆகாதும்மா, சொகுசு பழகிரும்" என்பது அவர் கட்சி. நானும் மகனும் ராத்திரியில் திண்ணைக்குக் கூட்டி வந்துவிடுகிறோம், அதனால் தினமும் சண்டை. கூண்டில் விட்டால் கோம்பைக் குட்டி விடிய விடிய ஊளையிடுகிறது. வெள்ளை ராஜபாளையம் குட்டியோ தூங்கினால் எத்தனை தடவை கூப்பிட்டாலும் எழுந்திருக்காது. திமிர் என்கிறார் மாமனார். அதன் மூக்கும் காதோரமும் சிவந்து தோல் உரிகிறது. உண்ணித் தொல்லையும் இருக்கிறது. காவல் நாயை வெளியே வைப்பதா, வீட்டோடு வைப்பதா? கூண்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?
— ஒரு வாசகி, தேனி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி மற்ற எல்லாவற்றையும் விட அவசரமானது. அதனால் கூண்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வெள்ளைக் குட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தூங்கும்போது கூப்பிட்டால் எழாத ராஜபாளையம் குட்டிக்குத் திமிர் என்று நான் நினைக்க மாட்டேன். காது கேட்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன். உடம்பெல்லாம் பால் வெள்ளையும் மூக்கு ரோஜா நிறமுமாக இருக்கும் இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு. தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்கள் உட்காதுக்குள்ளும் இருந்தாக வேண்டும். அவை அங்கே இல்லாமல் போனால் ஒலியை வாங்கும் பகுதி, குட்டி பிறந்த சில வாரங்களிலேயே செயலற்றுப் போகும். புள்ளி போட்ட டால்மேஷியன் நாய் இனத்தில் வருவதும் இதே குறைதான். வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்து தேர்ந்து இனவிருத்தி செய்யும் எல்லா இடத்திலும் இது கூடவே வருகிறது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். குட்டி அயர்ந்து தூங்கும் நேரமாகப் பார்த்துப் பின்பக்கமாகப் போங்கள். காலடி அதிர்வு தரையில் படக்கூடாது, கை வீசும் காற்று அதன் முடியில் படக்கூடாது, உங்கள் வாசனை போகும் பக்கம் நிற்கக்கூடாது. நாலடி தள்ளி நின்று சாவிக் கொத்தைக் குலுக்குங்கள். காது மடல் அசைகிறதா, கண் திறக்கிறதா என்று பாருங்கள். கோம்பைக் குட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். அது எழுந்தால் அதைப் பார்த்து இதுவும் எழுந்துவிடும். இப்படித்தான் பல வீடுகளில் செவிட்டு நாயை வருடக்கணக்கில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. சத்தம் கேட்டு எழுந்தாலும், சத்தம் வந்த திசைக்கு நேர் எதிர்ப்பக்கம் திரும்பித் தேடினால் ஒரு காது மட்டும் கேட்கவில்லை என்று சந்தேகப்படலாம். ஒரே தடவையில் முடிவு கட்ட வேண்டாம். மூன்று நாள், மூன்று வேளை பாருங்கள்.

கேட்கவில்லை என்றால் அந்தக் குட்டியை ஒதுக்கிவிடாதீர்கள். கை ஜாடையில் பழகும், மோப்பமும் பார்வையும் குறையில்லாமல் இருக்கும். ஆனால் இருநூறு அடி தள்ளி இருட்டில் தனியாகக் கிடக்கும் வேலைக்கு அது ஆகாது. வருவது திருடனா பாம்பா என்று அதற்கு முன்கூட்டித் தெரியாது. தூக்கத்தில் யாராவது தொட்டால் திடுக்கிட்டுக் கடித்தும்விடும். அதனால் உங்கள் மகனிடம் தூங்கும்போது தொடாதே என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள். எழுப்ப வேண்டுமென்றால் அது படுத்திருக்கும் பலகையை லேசாகத் தட்டினால் போதும்.

மூக்கும் காதோரமும் சிவப்பது பெரும்பாலும் வெயில் சுட்டதாக இருக்கும். நிறமில்லாத தோலுக்கு நம் ஊர் வெயில் தாங்காது. வருடக்கணக்கில் சுட்டுக்கொண்டே இருந்தால் அதே இடத்தில் புற்றுநோய் வரவும் வழியுண்டு. மல்லாந்து படுக்கும் பழக்கமிருந்தால் அடிவயிற்றையும் பாருங்கள். காலை பத்து மணியிலிருந்து மாலை நாலு மணி வரை இந்தக் குட்டிக்குக் கூரை நிழல் கட்டாயம். தோல் உரியும் இடத்தில் புண்ணும் அரிப்பும் இருந்தால் சொறியாகவும் இருக்கலாம். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். தயவுசெய்து கழிவு ஆயிலோ மண்ணெண்ணெயோ தடவாதீர்கள். நாய் அதை நக்கும், குடல் வெந்துபோகும்.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன்.

உங்கள் மாமனார் சொல்வதில் பாதி சரி. நம் பக்கத்து நாய்கள் வெளியில் வாழவே வளர்ந்தவை. கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் குட்டை முடி, ஒட்டிய உடம்பு. ஏசி அறையும் மெத்தையும் அவற்றுக்குத் தேவையில்லை. வீட்டுக்குள் நாய் வராத பழக்கமுள்ள குடும்பம் நாயை வதைக்கிறது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. முப்பது வருட அரசு வேலையில் நான் பார்த்த மிக ஆரோக்கியமான, மிக நிதானமான நாய்களில் பாதி, ஒரு நாள்கூட நிலைப்படி தாண்டி உள்ளே வராதவை.

ஆனால் அவரிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அவருடைய அப்பா காலத்தில் தோப்பில் இருந்த நாய் எங்கே படுத்தது? நிச்சயமாகக் கூண்டில் இருந்திருக்காது. களத்துமேட்டில் படுத்திருக்கும், திண்ணைக்கு அடியில் படுத்திருக்கும், கயிற்றுக் கட்டிலில் படுத்த கிழவரின் காலடியில் படுத்திருக்கும். காலையில் அவர் மண்வெட்டியைத் தோளில் போட்டால் முன்னால் ஓடியிருக்கும். கிடை போட்டால் ஆட்டோடு கிடந்திருக்கும். இருபத்து நாலு மணி நேரமும் அது மனிதரோடும் ஆட்டோடும்தான் இருந்தது. வெளியில் இருந்தது, ஆனால் தனியாக இல்லை. அந்த நாயை நினைத்துக்கொண்டு உங்கள் மாமனார் இந்தக் கூண்டைக் கட்டியிருக்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்று அவருக்கு எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன், ஏனென்றால் அந்த நாயைக் கண்ணால் பார்த்தவர் உங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான்.

வீட்டோடு இருந்தால் காவல் கெடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காவல் நாய்க்கு முதலில் தெரிய வேண்டியது எது வழக்கம் என்பது. பால்காரர் எத்தனை மணிக்கு வருவார், தேங்காய் வெட்ட வரும் ஆளின் நடை எப்படி, பம்பு செட் எப்போது ஓடும், பட்டியில் ஆடு சும்மா கனைப்பதற்கும் பயந்து கத்துவதற்கும் என்ன வித்தியாசம் — இதெல்லாம் கூடவே இருந்து பார்த்தால்தான் பிடிபடும். வழக்கம் தெரிந்த நாய்க்குத்தான் வழக்கத்துக்கு மாறானது உறைக்கும். மூலையில் அடைபட்ட நாய்க்கு எல்லாமே புதுசு. உதிர்ந்த மட்டைக்கும் குரைக்கும், எலிக்கும் குரைக்கும், நிலாவுக்கும் குரைக்கும்.

அதன் பலனை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கம்பம் பக்கம் ஒரு தோப்பில் இப்படிக் கூண்டு நாய் ஒன்று இருந்தது. உண்ணிக் காய்ச்சலுக்கு ஊசி போடப் போயிருந்தேன். முந்தின வாரம்தான் அங்கே மூன்று ஆடு களவு போயிருந்தது. "நாய் குரைக்கலையா?" என்று கேட்டேன். "குரைச்சுது சார். அது தெனம் குரைக்கிறதுதானே, நாங்க எந்திரிக்கல" என்றார் அந்த வீட்டம்மா. நாய் தன் வேலையைச் செய்திருக்கிறது. அதன் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிருந்தது, அவ்வளவுதான்.

பெல்ஜியம் ராணுவத்தில் நாய்களைக் கையாளும் வீரர்கள் சுமார் முந்நூறு பேரிடம் விசாரித்துச் செய்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. அந்த நாய்கள் கடிக்கப் பழகியவை, வேலைக்கென்றே வளர்ந்தவை. அவற்றில், கையாளுபவர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகும் நாய்களும், வேலை நேரம் தவிரவும் அவரோடு பயிற்சி விளையாட்டில் ஈடுபட்ட நாய்களும் மற்றவற்றைவிடச் சொன்ன பேச்சு கேட்டன, நலமாகவும் இருந்தன. ராணுவ நாய்க்கே வீட்டு உறவு கெடுதல் செய்யவில்லை என்றால் தென்னந்தோப்பு நாய்க்கு என்ன கெட்டுவிடப் போகிறது?

கெடுப்பது வேறு. யார் வந்தாலும் பிஸ்கட் கொடுக்க விடுவது, தோப்பைச் சுற்றிக் காட்டாமலே வளர்ப்பது, குரைத்தவுடன் அடிப்பது, இவைதான் காவலைக் கெடுக்கும். இதெல்லாம் கூண்டில் வைத்தாலும் நடக்கும், வீட்டில் வைத்தாலும் நடக்கும்.

கோம்பைக் குட்டியின் ஊளைக்கு வருவோம். கோம்பை உங்கள் ஊர்க்காரன், உங்கள் மாமனாருக்கு அதன் குணம் என்னைவிட நன்றாகத் தெரியும். ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும், சந்தேகப் புத்தி அதிகம், பயந்தால் கடிக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மூன்றரை மாதம் வரை குட்டியின் மூளை யாரையெல்லாம் தன் கூட்டமாக ஏற்றுக்கொள்வது என்று தீர்மானிக்கும் காலம். உங்கள் குட்டிகள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டன, ஆனால் கதவு முழுதாக அடைபடவில்லை. இந்த வயதில் கும்மிருட்டில் தனியே விட்டால் பயம்தான் வளரும். பயத்தில் வளர்ந்த கோம்பை பெரிதானபின் வீட்டுக்கு வரும் உறவுக்காரக் குழந்தையைக் கடிக்கும், திருடனைக் கண்டால் பின்வாங்கும். ஊளையிடும்போது போய் அடிக்க வேண்டாம். ராத்திரி திண்ணைக்குக் கூட்டி வருகிறீர்களே, அதைத் தொடருங்கள். நீங்கள் செய்தது சரி.

ஆட்டோடு பழகுவதும் இப்போதே நடக்க வேண்டும். தினமும் ஒரு மணி நேரம், கழுத்தில் நீளக் கயிறோடு, யாராவது கூட இருக்கும்போது பட்டிக்குள் விடுங்கள். ஏழெட்டு மாத வாக்கில் குட்டியாடுகளைத் துரத்தி விளையாட ஆரம்பிக்கும். விளையாட்டுத்தானே என்று விட்டால் ஒரு நாள் காதைக் கடித்துவிடும், ரத்த ருசியும் துரத்தும் சுகமும் பழகிவிடும். அந்தக் கட்டத்தில் கயிறு இல்லாமல் பட்டிக்குள் விடவே கூடாது.

இனி கூண்டு. கட்டியதை இடிக்கச் சொல்ல மாட்டேன். கூண்டு தேவைப்படும் வேளைகள் உண்டு. தேங்காய் வெட்டுக்கு ஆள் வரும் நாள், பெண் குட்டி பருவத்துக்கு வரும் நாட்கள், நோய் வந்து தனியே வைக்க வேண்டிய நேரம், அதற்கெல்லாம் வேண்டும். ஆனால் இப்போது இருக்கும் கூண்டு அப்படியே ஆகாது, முக்கியமாக அந்தத் தகரம் ஆகாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒரு மே மாதம் மதியம் இரண்டரை மணிக்கு மினி லாரியில் போட்டு ஒரு நாயைக் கொண்டு வந்தார்கள். நாலு வயது ராஜபாளையம், கம்பீரமான ஆண். நாக்கு கத்தரிப்பூ நிறத்தில் தொங்கியது, ஈறு விரலில் ஒட்டியது, ரத்தமாக வயிற்றுப்போக்கு. வெப்பமானி 107 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி நின்றது. நாய்க்கு இயல்பான சூடு 101-லிருந்து 102.5 வரை. சாயங்காலம் இறந்துவிட்டது. மறுநாள் அந்தக் கூண்டைப் போய்ப் பார்த்தேன். நாயின் சொந்தக்காரர் அருமையாகக் கட்டியிருந்தார், கதவுக்கு மேலே பச்சைப் பெயிண்டில் நாயின் பெயரை எழுதியிருந்தார். உள்ளே கையைத் தூக்கினால் தொடும் உயரத்தில் தகரம். அலுமினியச் சட்டியில் தண்ணீர் பாதி அப்படியே இருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், சுட்டது. சூடு தாங்காமல் தரையைப் பறித்திருந்தது, நகம் உடைந்து சிமெண்டில் கோடு கோடாக ரத்தம். தண்ணீர் வைத்தேனே டாக்டர், தண்ணீர் வைத்தேனே என்று அந்த மனிதர் சொல்லிக்கொண்டே இருந்தார். பாசம் இல்லாதவர் இல்லை அவர். தகரம் என்ன செய்யும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. இரைத்து, நாக்கிலும் வாயிலும் இருக்கும் ஈரம் ஆவியாகித்தான் சூடு இறங்க வேண்டும். காற்றோட்டமில்லாத சின்ன இடத்தில் அது விடும் மூச்சே ஈரப்பதமாகச் சேர்ந்துகொள்ளும், அதன்பின் எவ்வளவு இரைத்தாலும் பயனில்லை. அப்படி ஒரு நிலை வந்தால் வண்டியைத் தேடி ஓடுவதற்கு முன் உடம்பெல்லாம் சாதாரணத் தண்ணீரை விடாமல் ஊற்றி விசிறுங்கள், பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ஈரச் சாக்கைப் போர்த்திவிடுவது வழக்கம். அது சூட்டை உள்ளேயே மூடி வைக்கும், வேண்டாம்.

ஆறடிக்கு நாலடி ஒரு நாய்க்கே போதாது. உங்கள் இடத்துக்கு நான் சொல்லும் அளவு, நாய் ஒன்றுக்குப் பத்தடிக்கு எட்டடி, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்துக்கு மேல் கூரை. ஓடு போட முடிந்தால் நல்லது. இல்லையென்றால் தகரத்துக்கு மேல் ஓரடி இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேய்ந்துவிடுங்கள், தோப்பில் இல்லாத கீற்றா? பாதி இடத்துக்குக் கூரை, பாதி திறந்த வெளி. மூன்று பக்கம் வலைக்கம்பி, மேற்கே மட்டும் சுவர், அது பிற்பகல் வெயிலையும் ஆனி ஆடியில் கணவாய் வழியாக வீசும் சாரல் காற்றையும் தடுக்கும். வேம்போ புங்கனோ இருந்தால் அதன் நிழலில் அமையட்டும். தென்னைக்கு அடியில் மட்டும் வேண்டவே வேண்டாம். மட்டை விழுந்து கால் ஒடிந்த நாய்களைப் பார்த்திருக்கிறேன்.

தரையில் சிமெண்டு போட்டால் கழுவ வசதி, ஆனால் அதிலேயே படுத்துக் கிடந்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும். அரையடி உயரத்தில் பலகையோ பழைய கயிற்றுக் கட்டிலோ போடுங்கள். தண்ணீருக்கு மண் தொட்டி. எல்லாவற்றையும் விட முக்கியம் கூண்டு பார்க்கும் திசை. தோப்பு மூலையில் வேலியைப் பார்த்து வைக்காமல், வீட்டு வாசலும் பட்டியும் தோப்புக் கேட்டும் மூன்றும் கண்ணில் படும் இடத்துக்கு மாற்றுங்கள். காவல் காக்க வேண்டியதைக் கண்ணால் பார்க்க முடியாத நாய் எதைக் காவல் காக்கும்?

உண்ணியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி நாயைவிட்டு இறங்கிச் சுவர் வெடிப்பில் புகுந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடும். ஒரு தடவை ஒரு கூண்டின் செங்கல் இடுக்கில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பினேன், மிளகைக் கொட்டியது போல உதிர்ந்தன. கூண்டிலேயே கிடக்கும் நாய்க்கு உண்ணி அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். நாயை எத்தனை குளிப்பாட்டினாலும் சுவரைக் கவனிக்காவிட்டால் தீராது. வெடிப்பையெல்லாம் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள், மாதம் ஒரு தடவை இடுக்குகளைக் கொதிநீர் விட்டுக் கழுவுங்கள், அப்போது நாய் பக்கத்தில் இருக்கக் கூடாது. மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசுவதும், ஆட்டுக்கு வாங்கிய ஊசி மருந்தில் மிச்சத்தை நாய்க்குப் போடுவதும் உயிரை எடுக்கும். நாயை எடை போட்டு டாக்டர் எழுதித் தரும் மருந்தே போதும்.

உண்ணி வெறும் அரிப்பு அல்ல. அது பரப்பும் எர்லிச்சியா, பேபீசியா இரண்டும் ரத்தத்தையே தாக்கும் நோய்கள். 1960-களின் கடைசியில் வியட்நாமில் அமெரிக்க ராணுவம் வைத்திருந்த நாய்களில் நூற்றுக்கு மேற்பட்டவை எர்லிச்சியாவால் ரத்தம் கசிந்து செத்தன. தீனி குறைவது, காய்ச்சல், மூக்கில் ரத்தம், ஈறு வெளுப்பது, சிறுநீர் டிகாக்‌ஷன் நிறத்தில் போவது, இதில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் மருந்துக்குக் கேட்கும்.

கூண்டுக்குப் பதில் சங்கிலியில் கட்டலாமே என்ற யோசனை வந்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1960-ம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு, அளவுக்கு மீறிய குட்டைச் சங்கிலியிலோ கனத்த சங்கிலியிலோ நெடுநேரம் கட்டிவைப்பதையும், கட்டியே வளர்க்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் குற்றம் என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் ஐம்பது ரூபாய்க்கு மேல் கிடையாது, ஆகவே பயமுறுத்தச் சொல்லவில்லை. கட்டியே கிடக்கும் நாய் ஒன்று மூர்க்கமாகும், இல்லை மந்தமாகும். இரண்டு விதத்தையும் பார்த்திருக்கிறேன். பகலில் கட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் கம்பி இழுத்து, அதில் வளையத்தைக் கோத்து, சங்கிலியை வளையத்தில் மாட்டுங்கள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடலாம். கம்பத்தைச் சுற்றிக்கொள்ளாதபடி இரண்டு முனையிலும் தடுப்பு வேண்டும், பக்கத்தில் தாண்டிக் குதிக்கும் உயரத்தில் சுவர் இருக்கக் கூடாது.

நீங்கள் இருப்பது மலையடிவாரம் என்பதால் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். சிறுத்தைக்கு நாய் பிடித்த இரை. இமயமலைப் பக்கம் ஆட்டிடையர்கள் காவல் நாயின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டுவது இதற்காகத்தான். சிறுத்தை நடமாட்டம் கேள்விப்பட்ட நாட்களில், தோப்பு மூலையில் கட்டிப்போட்ட நாய் ஓடவும் முடியாமல் எதிர்க்கவும் முடியாமல் மாட்டிக்கொள்ளும். அந்த நாட்களில் மேலேயும் வலை அடைத்த கூண்டோ, கம்பிக் கதவு போட்ட திண்ணையோ மட்டும்தான் பத்திரம். வனத்துறைக்கும் ஆடு வளர்க்கும் அக்கம்பக்கத்தாருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். மற்ற நாட்களில்கூட வேலிக்கு வெளியே ராத்திரி அலைய விடாதீர்கள். தெரு நாயோடு சண்டை, வெறிநோய், ரோட்டில் வண்டி எல்லாம் வெளியில்தான் இருக்கிறது. கூட்டிப் போய் முயல் பிடிக்கப் பழக்குவது நம் பக்கம் இன்னும் நடக்கிறது. அது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இரண்டு குட்டிக்கும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் இந்த வாரமே போட்டுவிட்டு, டாக்டர் சொல்லும் நாளில் அடுத்ததும், பிறகு வருடா வருடமும் போடுங்கள். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துள்ள கூட்டு ஊசி உங்கள் தோப்புக்கு அவசியம். மிச்சச் சோற்றை ராத்திரி கூண்டில் விட்டு வைத்தால் எலி வரும், எலியின் பின்னாலேயே பாம்பும் வரும். இன்னொன்று, பெண் குட்டி ஆறு மாதத்துக்குமேல் எப்போது வேண்டுமானாலும் பருவத்துக்கு வரலாம். இரண்டையும் ஒரே கூண்டில் பூட்டி வைத்திருந்தால் முதல் பருவத்திலேயே சினையாகிவிடும். செவிடு என்று உறுதியானால் அதைக் குட்டி போட வைக்கவே கூடாது, கருத்தடை செய்துவிடுங்கள்.

என் யோசனை இதுதான். பகல் வெயிலில் இரண்டும் திண்ணை நிழலிலோ, கீற்று வேய்ந்து திருத்திய கூண்டின் நிழலிலோ கதவு திறந்தபடி இருக்கட்டும். ராத்திரி கோம்பைக்கு இடம் திண்ணை. அங்கிருந்து கேட்டும் தெரியும், பட்டியும் தெரியும், எழுந்து சுற்றிவரவும் வழி இருக்கும். வெள்ளைக்கு இடம் நடைக்குள், நிலைக்கு உட்புறம். வீட்டுக்குள் நாய் கூடாது என்பது உங்கள் வீட்டு வழக்கமானால் திண்ணையிலேயே கோம்பைக்குப் பக்கத்தில் படுக்கட்டும். கோம்பை எழுந்தால் அதன் அசைவில் இதுவும் எழும். ஒரு வயது ஆகும்வரை எதையும் தனியாகத் தோப்பு மூலையில் விட வேண்டாம். கூண்டு பழக வேண்டியது தினம் கால் மணி நேரம், அரை மணி நேரம் என்றுதான், அதுவும் பகலில், தீனியை உள்ளே வைத்து, நீங்கள் கண்ணில் படும்படி நின்றுகொண்டு. அடைத்து வைப்பது தண்டனை என்று அதற்குப் பட்டுவிடக் கூடாது.

தீனியையும் சாயங்காலம் தோப்பைச் சுற்றும் நடையையும் உங்கள் மாமனார் பொறுப்பில் விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த வரப்பு யாருடையது, எந்த வேலி வழியாகப் போன தடவை ஆள் நுழைந்தான் என்பது அவருக்குத்தான் தெரியும். தினமும் ஒரே பாதையில், எல்லையோரமாக, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நாலு சுற்று வந்தால் மூன்று மாதத்தில் அந்த எல்லை கோம்பையின் மூளையில் பதிந்துவிடும். ராத்திரி அவர் திண்ணையில் கட்டில் போட்டுப் படுப்பவர் என்றால் அவர் கட்டிலுக்கு அடியிலேயே அது படுத்துக்கொள்ளட்டும். ஊளையும் நின்றுவிடும்.

சாவிக் கொத்துச் சோதனையை இன்றைக்கே தொடங்கிவிடுங்கள். மூன்று நாளில் எப்போது குலுக்கினீர்கள், எந்தக் காது அசைந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்று ஒரு தாளில் குறித்து வைத்து, ஊசி போடப் போகும்போது அந்தத் தாளையும் டாக்டரிடம் காட்டுங்கள்.